நான்கெல்லைக்குள் ஒரு விகாரம்: நாகப்பட்டினத்துச் சூடாமணிவர்ம விகாரத்தின் வரலாறும் அமைப்பும்

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தைத் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் கல்கி வழியாகத்தான் அறிந்திருக்கிறார்கள். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வ’னில் காய்ச்சலில் கிடக்கும் அருள்மொழிவர்மர் அங்கேதான் பிக்குகளின் பராமரிப்பில் தேறுகிறார். கதை நடப்பது சுந்தர சோழரின் இறுதிக் காலத்தில், அதாவது 969ஐ ஒட்டி. நமக்குக் கிடைத்திருக்கும் ஆவணங்களின்படி அந்த விகாரம் எழுந்ததோ, அருள்மொழிவர்மர் ராஜராஜனாகி இருபது ஆண்டுகள் ஆட்சி செய்த பிறகு. நாவலாசிரியருக்கு அந்தச் சலுகை உண்டு. யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த நாவலின் புகழால், ஓர் அயல்நாட்டு அரசன் சோழ மண்ணில் கட்டிய கோயில் என்ற அதன் முதன்மையான செய்தி பின்னால் தள்ளப்பட்டுவிட்டது.

இக்கட்டுரை அந்தக் கோயிலின் வரலாற்றையும் அமைப்பையும் பற்றியது. அமைப்பு என்றால் கட்டடத்தின் தரைப்படத்தை எதிர்பார்க்க வேண்டாம். நம் கையில் இருப்பது அது நின்ற நிலத்தின் வரைபடம். அதுவும் கோடுகளால் வரையப்பட்டதல்ல, வரிக்கணக்கு எழுதியவர்களின் சொற்களால் ஆனது.

இரண்டு செப்பேடுகள்

ஆதாரங்கள் இரண்டு. பெரியதில் 21 ஏடுகள். முதல் ஐந்து வடமொழி, மற்ற பதினாறும் தமிழ். சோழர் முத்திரையிட்ட வளையத்தோடு சேர்த்து ஏறத்தாழ 30 கிலோ எடை. சிறியதில் மூன்றே ஏடுகள். ஆனைமங்கலச் செப்பேடுகள் என்று நாம் சொல்லும் இவற்றை உலகம் லைடன் செப்பேடுகள் என்கிறது. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர்களின் காலத்தில் இவை கடல் கடந்து போய், பிறகு நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தன. கே. வி. சுப்பிரமணிய ஐயர் இரண்டையும் ‘எபிகிராபியா இண்டிகா’வின் 22ஆம் தொகுதியில் விரிவாகப் பதிப்பித்தார்.

பெரிய செப்பேட்டின் தமிழ்ப் பகுதி ஓர் அரசாணை. ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டு (1005-06), 92ஆம் நாள். தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகையின் தெற்குப் பக்கத்தில் ராஜாச்ரயன் என்று பெயர் கொண்ட மண்டபத்தில் அரசன் வீற்றிருக்கிறான். கிடாரத்து (கடாரத்து) அரையன் சூளாமணிவர்மன் (சூடாமணிவர்மன்) நாகப்பட்டினத்தில் எடுப்பிக்கும் விகாரத்துப் பள்ளிக்கு, பட்டினக் கூற்றத்து ஆனைமங்கலத்தைக் கொடுக்கும்படி அப்போது வாய்மொழி ஆணை பிறக்கிறது. ஆணையைக் கேட்டு எழுதிக்கொண்டவர், எழுத்தைச் சரிபார்த்தவர், வரிப்புத்தகத்தில் பதிந்தவர் என்று அலுவலர்களின் வரிசை நீள்கிறது. பிறகு ஊரைச் சுற்றிப் பெண்யானையை நடத்தி எல்லை வகுக்கிறார்கள். எல்லையில் கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். சுற்றுப்புற ஊர்ச் சபையார் வந்து கையெழுத்திடுகிறார்கள்.

வடமொழிப் பகுதி அடுத்த தலைமுறையில் எழுதப்பட்டது. சைலேந்திர வம்சத்தவனும், ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அதிபதியும், மகரக்கொடி உடையவனுமான மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மனின் பெயரில் இந்த விகாரத்தைக் கட்டினான் என்றும், அதன் உயரம் பொன்மலையாகிய மேருவையே சிறுக்கச் செய்தது என்றும் அது புகழ்கிறது. ராஜராஜன் கொடுத்ததை அவன் மறைவுக்குப் பின் ராஜேந்திரன் நிலையான சாசனமாக்கினான் என்ற செய்தியும் அங்கே வருகிறது. தந்தை தொடங்கி மகன் முடித்த கட்டடத்துக்கு, இந்தப் பக்கமும் ஒரு தந்தை கொடுத்ததை மகன் உறுதி செய்கிறான். மேருவைப் பற்றிய வரியைக் கவிஞரின் கடமை என்று தள்ளிவிடலாம். தமிழ்ப் பகுதியில் அப்படித் தள்ள எதுவுமில்லை, அது கணக்கு.

அந்தக் கணக்கு என்ன சொல்கிறது? ஆனைமங்கலத்தின் நிலம் 97 வேலிக்குச் சற்று மேல். விளைவில் பள்ளிக்குச் சேர வேண்டியது 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல். அதன் மேல் வரும் தூணி, குருணி, நாழி வரை ஓலை எழுதியவர் விடவில்லை. வகுத்துப் பார்த்தால் வேலிக்கு 92 கலம் வருகிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அதே அரசன் கொடுத்த ஊர்களிலும் வேலிக்கு 100 கலத்தை ஒட்டித்தான் கணக்கு ஓடுகிறது. அயல்நாட்டான் கோயில், வேற்றுச் சமயம் என்றெல்லாம் பார்த்து மட்டமான ஊரைத் தள்ளிவிடவில்லை என்பது இதனால் தெரிகிறது. வேலியை 6.6 ஏக்கர் என்று இன்றைய தஞ்சை வழக்கில் கொண்டால் இது 640 ஏக்கர் நல்ல காவிரிப் பாசன நிலம்.

ஊரோடு வந்த உரிமைகளின் பட்டியல் இன்னும் சுவையானது. சுட்ட செங்கல்லால் மாட மாளிகை எடுக்கலாம், கிணறு தோண்டலாம், தென்னந்தோப்பு வைக்கலாம், மருக்கொழுந்தும் செங்கழுநீரும் பயிரிடலாம், பெரிய செக்கு நாட்டலாம். இவை அக்காலச் செப்பேடுகளில் வழக்கமாக வருபவைதான். இந்த விகாரத்துக்கென்று புதிதாகச் செய்தவை அல்ல. இருந்தாலும் சுட்ட செங்கல்லுக்கு அரசனின் அனுமதி வேண்டியிருந்த காலத்தில், செங்கல்லாலேயே மலைபோல ஒரு கட்டடம் எழுந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். செங்கல் கதையின் முடிவில் மறுபடியும் வரும்.

ஒரே அரசன், இரண்டு வல்லரசுகள்

சுமத்திராவில் இருந்துகொண்டு மலாக்கா நீரிணையை ஆண்ட அரசன் நாகப்பட்டினத்தில் ஏன் கோயில் கட்ட வேண்டும்? பக்தி என்று ஒரு சொல்லில் முடிப்பவர்கள் சீன ஆவணங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

சோங் வம்ச வரலாற்றின்படி, 1003இல் இதே சூளாமணிவர்மனின் தூதர்கள் சீனப் பேரரசரிடம் போனார்கள். பேரரசரின் நீண்ட ஆயுளுக்காக வேண்டிக்கொள்ளத் தங்கள் நாட்டில் ஒரு புத்தர் கோயில் கட்டியிருப்பதாகவும், அதற்கு ஒரு பெயரும் மணியும் அருள வேண்டும் என்றும் விண்ணப்பித்தார்கள். பேரரசர் இரண்டையும் கொடுத்தார். மூன்றே ஆண்டுகளுக்குள் அதே அரசனின் பெயரில் நாகப்பட்டினத்தில் விகாரம். சீனக் கடலின் அதிபதியைத் தன் நாட்டுக் கோயிலாலும், வங்கக் கடலின் அதிபதியை அவன் நாட்டிலேயே எழுப்பிய கோயிலாலும் அவன் நட்பாக்கிக்கொண்டான். நடுவில் இருக்கும் நீரிணைக்காரனுக்கு இரு கரையும் வேண்டும்.

இது சைலேந்திர வம்சத்துக்குப் பழக்கமான வேலைதான். ஒன்பதாம் நூற்றாண்டில் சுவர்ணதீபத்து அரசன் பாலபுத்ரதேவன் நாலந்தாவில் ஒரு விகாரம் கட்டினான். அவன் கேட்டபடி வங்கத்துப் பால மன்னன் தேவபாலன் அதற்கு ஐந்து ஊர்களைக் கொடுத்தான். அந்தச் செப்பேடு நாலந்தா அகழாய்வில் 1921இல் கிடைத்தது. கட்டுவது விருந்தாளி, நிலம் கொடுப்பது வீட்டுக்காரன் என்ற அதே முறை நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு காவிரிக் கழிமுகத்தில் திரும்ப வருகிறது.

வந்த இடமும் அவர்களுக்குப் புதிது அல்ல. பாலி மொழியில் எழுதிய தம்மபாலரின் உரைநூல் ஒன்று, நாகப்பட்டினத்தில் தர்மாசோக மன்னர் பெயரால் வழங்கிய விகாரத்தைக் குறிப்பிடுகிறது. பல்லவர் காலத்திலும், 720ஐ ஒட்டி, தென்னாட்டு அரசன் ஒருவன் சீனப் பேரரசருக்காக ஒரு பௌத்தக் கோயில் கட்டி அதற்குப் பெயர் கேட்டான் என்று தாங் வம்ச வரலாறு சொல்கிறது. அந்த அரசன் இரண்டாம் நரசிம்மவர்மன் என்பது பெரும்பாலும் ஏற்கப்பட்ட கருத்து. கோயில் நாகப்பட்டினத்தில் இருந்தது என்பது ஊகம். ஆசைப்பட்டு நம்பத் தேவையில்லை.

ஸ்ரீவிஜயத்தார் தம் கொடையைப் புத்தரோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. நாகைக் காரோணம் என்னும் சிவன் கோயிலில் ராஜேந்திரனின் தொடக்க ஆண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகள் உள்ளன. அக்கோயில் இறைவனின் திருமேனிக்கு ஸ்ரீவிஜய அரசனின் அலுவலர்கள் மணிகள் பதித்த அணிகலன்களும் சீனக்கனகமும் கொடுத்ததை அவை பதிவு செய்கின்றன. துறைமுக ஊரில் எந்தக் கோயிலின் முன் சபை கூடுகிறது, யாருடைய சொல் எடுபடுகிறது என்பது தெரிந்து செய்த கொடை.

நிலத்தின் வரைபடம்

இனி அமைப்புக்கு வருவோம். இதற்குக் கைகொடுப்பது சிறிய செப்பேடு. முதல் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டு, 1090. ஆயிரத்தளி அரண்மனையின் திருமஞ்சனசாலையில் காலிங்கராஜன் என்று பெயரிட்ட இருக்கையில் அரசன் இருக்கிறான். கடாரத்து அரையனின் தூதர்களான ராஜவித்யாதர ஸ்ரீ சாமந்தனும் அபிமானோத்துங்க ஸ்ரீ சாமந்தனும் விண்ணப்பம் செய்கிறார்கள். பள்ளிச்சந்தமான, அதாவது பள்ளிக்கு விடப்பட்ட, ஊர்களின் வரிவிலக்கைச் செப்பேடாக எழுதித் தர வேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். ஆனைமங்கலம், முஞ்சிகுடி, ஆமூர் முதலிய ஊர்கள் பட்டியலில் வருகின்றன. பழைய காணியாளர்களை நீக்கிப் பள்ளிச் சங்கத்தார்க்கே அவ்வூர்களைக் காணியாக்குகிறார்கள். முன்பு விளைவில் பங்கு வாங்கிய பிக்குகள் இப்போது நிலத்துக்கே உடையவர்கள்.

ஏடு முடியும் இடத்தில் விகாரம் இருந்த நிலத்துக்கு நான்கெல்லை சொல்லப்படுகிறது. நான் இந்த ஆவணத்தை மதிப்பது இந்தச் சில வரிகளுக்காகத்தான்.

கிழக்கே கடற்கரை. அங்கிருக்கும் மணற்குன்று பள்ளி நிலத்துக்குள் அடங்கும். தெற்கே புகையுண்ணிக் கிணறு எல்லையாகிறது. அதிலிருந்து மேற்கே போனால் திருவீரட்டானமுடைய மகாதேவர் கோயில் நிலம். அதற்கும் மேற்கே பரவைக்குளத்து மாராயன் வெட்டுவித்த குளத்தின் வடகரை. அந்தக் கரையோடு போனால் காரைக்காற் பெருவழி வந்து முட்டுகிறது. அந்தப் பெருவழிதான் மேற்கு எல்லை. வடக்கே சோழகுலவல்லிப்பட்டினத்து நிலம். நாகப்பட்டினத்துக்கு அப்போது வழங்கிய பெயர் இது. இவற்றுக்குள் அடங்கிய நிலம் முப்பத்தொன்றே முக்கால் வேலிக்குச் சற்று மேல்.

இந்த விவரங்களை இன்றைய வரைபடத்தின் மீது வைத்துப் பாருங்கள். கடலுக்கும் காரைக்கால் சாலைக்கும் நடுவே தெற்கு வடக்காக ஓடும் கரையோரப் பட்டை அது. நாகையிலிருந்து காரைக்காலுக்குப் பேருந்தில் போகிறவர் வலப்பக்கம் திரும்பினால் கண்ணில் படுவது அந்தப் பட்டைதான். முப்பத்தொன்றே முக்கால் வேலி என்றால் மேலே சொன்ன கணக்கில் ஏறத்தாழ 210 ஏக்கர். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகைக்குள் அடங்கும் பரப்பு ஏழு ஏக்கருக்குச் சற்று மேல்தான். இதை வைத்துக்கொண்டு விகாரம் பெரிய கோயிலைப் போல முப்பது மடங்கு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பள்ளி நிலம், பள்ளி விளாகம் என்று ஏடு இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. மணற்குன்று, தோப்பு, குடியிருப்பு, பூந்தோட்டம் எல்லாம் இதில் அடங்கும். ஆனாலும் துறைமுகத்தின் வாசலில், பெருவழிக்கும் கடலுக்கும் நடுவே இருநூறு ஏக்கர் என்பது சாதாரண இடம் இல்லை. கப்பலில் வருகிறவனுக்கு முதலில் தெரியும் இடம். தரைவழியில் காரைக்காலிலிருந்து வருகிறவனும் அதைக் கடக்காமல் ஊருக்குள் நுழைய முடியாது.

தெற்கு எல்லையில் சிவன் கோயில் நிலம் இருப்பதையும் கவனிக்கலாம். வேலிச் சண்டை ஏதும் ஏட்டில் இல்லை. இன்னாருக்கு வடக்கு, இன்னாருக்கு மேற்கு என்று நில அளவைக்காரரின் மொழியில் இரு சமயமும் அண்டை வீட்டாராக நிற்கின்றன.

அந்த வளாகத்துக்குள் ஒரு கோயில் மட்டும் இருக்கவில்லை. ஏடு இரண்டு பெரும்பள்ளிகளைச் சொல்கிறது: ராஜேந்திர சோழப் பெரும்பள்ளி, ராஜராஜப் பெரும்பள்ளி. ஸ்ரீ சைலேந்திர சூடாமணிவர்ம விகாரம்தான் ராஜராஜப் பெரும்பள்ளி என்றும் விளக்குகிறது. கட்டியவன் தன் தந்தையின் பெயரை வைத்தான்; நிலம் கொடுத்தவன் தன் பெயரை வைத்தான். இரண்டு பெயரும் ஒரே கட்டடத்தின் மீது 85 ஆண்டுகள் கழித்தும் நின்றிருக்கின்றன.

உள்ளே எப்படி இருந்திருக்கும்?

இங்கே மண்ணுக்கு மேல் எதுவும் இல்லாததால் உறவுக் கட்டடங்களிடம்தான் கேட்க வேண்டும். மூன்று உறவுகள் உண்டு: நாலந்தா, கடாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கு, இலங்கையின் திருகோணமலை. நாலந்தாவின் விகாரங்களில் நடு முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் பிக்குகளின் அறைகள், ஒரு பக்கத்தின் நடுவில் வழிபாட்டு அறை. மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக் கோயில்கள் சிறியவை. அடித்தளமும் தூண் நின்ற குழிகளுமே மிஞ்சியிருக்கின்றன.

என் கணிப்பில் நெருங்கிய உறவு திருகோணமலை. அதற்கு அருகே பெரியகுளத்தில் இருக்கும் வெல்கம் விகாரை சோழராட்சியில் ராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரையே பெற்றது. நாகப்பட்டினத்துப் பள்ளியின் அதே பெயர், அதே காலம். அது அரசன் புதிதாகக் கட்டியதல்ல, முன்பே இருந்த விகாரை. சோழராட்சியில் தமிழ்ப் பௌத்தர்கள் விளக்கெரிக்கப் பசுக்களும் காசும் கொடுத்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே இன்றும் இருக்கின்றன. தூபியும் சிலைமனையும் தனித்தனியே நிற்கின்றன. சிலைமனையைப் பார்க்கிறவருக்கு அது நம் ஊர்க் கோயிலின் அடித்தளம்தான்: திராவிட முறையில் வரிவரியாகச் செதுக்கிய கல் அதிட்டானம், முன்மண்டபம், நடுவில் ஓர் இடைகழி, உள்ளே கருவறையில் நின்ற கோலப் புத்தர். ஈழத்துத் தமிழர் அதை நாதனார் கோயில் என்று அழைத்து வந்தார்கள்.

நாகப்பட்டினத்திலும் கருவறையும் மண்டபமும் கொண்ட தமிழ்க் கோயில் முறை இருந்திருக்க வேண்டும் என்று நினைக்க இன்னொரு சான்று உண்டு. அது செப்புத் திருமேனிகளில் இருக்கிறது. 1856 முதல் 1934 வரை நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தவற்றை டி. என். ராமச்சந்திரன் ஆராய்ந்து 1954இல் தனி நூலாக வெளியிட்டார். தலை உச்சியில் தீச்சுடர் எழும் புத்தர்கள் இவர்கள். பீடத்தில் கொடையாளர் பெயர் பொறித்தவையும் உண்டு. கைக்கு அடக்கமான சிறு படிமங்களே மிகுதி. வீட்டிலிருந்து கொண்டு வந்து கோயிலில் நேர்ந்து வைத்தவை.

நியூயார்க் ஏசியா சொசைட்டியில் இருக்கும் ஒரு புத்தர் திருமேனியின் பீடத்தில் அமைப்புப் பற்றிய அருமையான செய்தி இருக்கிறது. ராஜேந்திர சோழப் பெரும்பள்ளியைச் சேர்ந்த அக்கசாலைப் பெரும்பள்ளியின் ஆழ்வார் கோயிலில் திருவிழாவுக்கு எழுந்தருளச் செய்த திருமேனி அது என்கிறது எழுத்து. கொடுத்தவர் சிறுதவூரைச் சேர்ந்தவர். பதினெண் விஷயத்து அக்கசாலைகளுக்கும் அவர் நாயகராக அங்கே கொண்டாடப்படுகிறார். ஆக, பெரும்பள்ளிக்குள் பொன்வேலை செய்வோருக்கு ஒரு பள்ளி இருந்தது. அதற்குள் புத்தருக்கு ஒரு கோயில். அந்தப் புத்தர் ஆழ்வார் என்று அழைக்கப்பட்டார். சிவன், பெருமாள் உற்சவர்களைப் போலவே வீதியில் உலா வந்தார். நாகைத் தெருவில் புத்தர் பல்லக்கில் போனதை மனக்கண்ணில் காண இந்த ஒரு பீடம் போதும். வீரராஜேந்திரன் பெயரால் ‘வீரசோழியம்’ என்ற இலக்கண நூலைச் செய்த புத்தமித்திரனும் இதே பதினொன்றாம் நூற்றாண்டுக்காரர்தான். சோழநாட்டுப் பௌத்தத்தை அயல்நாட்டு வணிகரின் தனிச் சமயமாக மட்டும் எழுதுவது பிழை என்பேன்.

படையெடுப்பும் பள்ளியும்

1025இல் ராஜேந்திரனின் கப்பற்படை கடாரத்தின் மீது பாய்ந்தது. அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபட்டான். வித்யாதர தோரணம் உட்பட அவன் செல்வம் சோழர் கைக்கு வந்தது. இத்தனைக்கும் அந்த அரசகுலத்தின் விகாரத்துக்கு நிலையான சாசனம் எழுதிக் கொடுத்தவன் இதே ராஜேந்திரன். நாட்டை அடித்தவன் அந்நாட்டான் கட்டிய கோயிலை என்ன செய்தான்? தொடவில்லை. 1090 ஏடு வரை பள்ளிச்சந்தம் பள்ளிச்சந்தமாகவே நீடிக்கிறது. ராஜேந்திரன் பெயராலேயே ஒரு பெரும்பள்ளி வேறு நிற்கிறது. தேவதானமோ பள்ளிச்சந்தமோ, ஒருமுறை இறையிலியாக எழுதிக் கொடுத்துவிட்டால் அது அந்தத் தெய்வத்தின் சொத்து, கொடுக்க வைத்த அரசனின் சொத்து அல்ல என்று அக்காலம் கருதியது. சோழர் எல்லாச் சமயத்தையும் நேசித்தார்கள் என்று உருகுவதை விட, கணக்கில் ஏறியதை அழிக்க அவர்களின் புரவுவரித் திணைக்களம் விடாது என்று சொல்வது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

செங்கல் கோபுரத்தின் கதை

சோழராட்சி 1279இல் முடிகிறது. ஸ்ரீவிஜயமும் அதற்குள் தேய்ந்துவிட்டது. இரு பக்கப் புரவலரும் போன பிறகு விகாரத்தைப் பற்றிச் சொல்பவர்கள் வழிப்போக்கர்களே. சீனப் பயணி வாங் தாயுவான் 1349இல் முடித்த நூலில், இந்தக் கரையில் செங்கல்லால் ஆன உயர்ந்த கோபுரம் ஒன்றையும், 1267க்குச் சமமான சீன ஆண்டின் எட்டாம் மாதத்தில் அது கட்டி முடிந்ததாகச் சொல்லும் சீன எழுத்துப் பொறிப்பையும் குறிப்பிடுகிறார். பர்மாவில் பெகு நகரின் கல்யாணிக் கல்வெட்டு 1476ஐச் சேர்ந்தது. இலங்கையிலிருந்து திரும்பும்போது கப்பல் உடைந்து கரையேறிய பிக்குகள் நாகப்பட்டினத்துக்கு வந்ததை அது சொல்கிறது. பதரிகாராம விகாரம் இருந்த இடத்தைப் பார்த்தார்கள். சீன மன்னன் கட்டுவித்த குகைக்கோயிலில் புத்தரை வணங்கினார்கள். விகாரம் அப்போதே ‘இருந்த இடம்’ ஆகிவிட்டது.

திருமங்கையாழ்வார் நாகையின் பொன் புத்தரை எடுத்து வந்து திருவரங்கத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்று குருபரம்பரை நூல்கள் சொல்வது இந்த விகாரம் எழுவதற்கு முந்திய காலத்தைப் பற்றிய கதை. அதை எடுத்து வைத்துக்கொண்டு சூடாமணி விகாரத்தின் அழிவை விளக்குகிறவர்கள் நூற்றாண்டுகளைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

டச்சுக்காரர் வாலன்டைன் 1725இல் வெளியிட்ட நூலில் நாகையின் ‘சீனா’ கோயில் வருகிறது. ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். 1846இல் சர் வால்டர் எலியட் அதைப் பார்த்து வரைந்தார். அந்தப் படம் ஹென்றி யூல் பதிப்பித்த மார்க்கோ போலோ பயண நூலில் இடம்பெற்றிருக்கிறது. நாகைக்கு வடக்கே ஒன்று முதல் இரண்டு மைலுக்குள், சதுரமான மூன்று நிலைக் கோபுரம். சாந்து வைக்காமல் நெருக்கமாக அடுக்கிய செங்கல். முதல் இரண்டு நிலைகளுக்கும் இடையே வளைந்த கொடுங்கை. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வாசல் திறப்பு. உட்புறம் வானம் தெரியத் திறந்திருந்தது. தரையிலிருந்து இருபது அடி உயரத்தில் ஒரு தளம் இருந்த தடம். சிற்பமும் எழுத்தும் இல்லை. கரைக்கு வரும் கப்பல்காரர்களுக்கு அது அடையாளக் குறி.

அந்தக் கோபுரம்தான் சூடாமணி விகாரமா? பல நூல்கள் அப்படியே எழுதிவிடுகின்றன. எனக்கு அதில் தயக்கம் உண்டு. இருந்த இடம் 1090 ஏட்டின் எல்லைக்குப் பொருந்துகிறது. வடக்கே, கடற்கரைப் பட்டையில். ஆனால் ஊர் மக்கள் நினைவு சீனத்தைச் சொல்கிறது, வாங் தாயுவான் கண்டதும் செங்கல் கோபுரம், பெகு பிக்குகள் கேட்டதும் சீன மன்னன் பெயர். பள்ளி விளாகத்துக்குள் அல்லது அதை ஒட்டி, விகாரம் தேய்ந்த காலத்தில் சீன வணிகர் எழுப்பிய கோபுரமாக அது இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் ஒன்றாக்கினால் 250 ஆண்டுப் பௌத்த வரலாறு நம் கையை விட்டுப் போய்விடும்.

கோபுரம் இருந்த நிலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேசு சபைப் பாதிரியார்களின் கைக்கு வந்தது. 1856இல் அருகே நின்ற ஒரு மரத்தை வெட்டியபோது ஐந்து பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. 1859இல், கோபுரம் ஆபத்தான நிலையில் இருப்பதால் இடித்து அதன் செங்கல்லைத் தங்கள் கட்டட வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டு மனுச் செய்தார்கள். அரசு அப்போது இசையவில்லை. 1867இல் மறுபடி கேட்டார்கள். சென்னை அரசு அந்த ஆண்டு ஆகஸ்டில் அனுமதித்தது. அவர்கள் நடத்திய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கே போய்விட்டது. கோபுரம் போனது போனதுதான். சமயப் பகை என்று பெரிதாகச் சொல்ல அந்தக் கோப்பில் ஏதும் இல்லை. வேலைக்குச் செங்கல் தேவைப்பட்டது. எதிரே செங்கல் நின்றது.

சின்னாளப்பட்டியில் உட்கார்ந்து இதை எழுதுகிற எனக்கு ஓர் ஒப்பீடு கையருகே கிடக்கிறது. எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் பழனிக்கு அருகே ஐவர்மலையில் சமணத் திருமேனிகள் வரிசையாகப் பாறையில் நிற்கின்றன. பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 792, அதாவது 870இல் அங்கிருந்த பார்சுவநாதரைச் சாந்திவீரக் குரவர் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது. சமணத்துக்கு அங்கே அரச குலத்துக் கோயில் இல்லை, 97 வேலி இல்லை, கடல் கடந்த புரவலர் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அது அப்படியே இருக்கிறது, பாறை வேறு எதற்கும் உதவாது என்பதால். இரண்டு பேரரசுகள் கூடிக் காத்த விகாரமோ பெயர்த்தெடுக்கத் தோதான பொருளால் கட்டப்பட்டது. கடலோர மணலில் கல் கிடைக்காத ஊரில் ஒவ்வொரு தலைமுறைக்கும் வீடு கட்டச் செங்கல் வேண்டும்.

இனி தேட வேண்டிய முறை மாற வேண்டும். கோபுரம் இருந்த ஒரு புள்ளியை மட்டும் தேடிக்கொண்டிருப்பதில் பயன் குறைவு. 1090 ஏட்டின் நான்கெல்லையை டச்சுக் கால வரைபடங்களோடும் பிரிட்டிஷ் நில அளவைப் பதிவேடுகளோடும் ஒப்பிட்டு, மாராயன் குளம், மகாதேவர் நிலம், பழைய பெருவழி மூன்றையும் முதலில் நிறுவ வேண்டும். குளம் தூர்ந்தாலும் புல எண்ணில் குளமாகவே பல காலம் இருக்கும். கோயில் நிலம் கைமாறினாலும் பழைய பதிவேட்டில் கோயில் பெயரோடு நிற்கும். மூன்றும் கிடைத்தால் இருநூறு ஏக்கருக்குள் எங்கே தோண்டுவது என்பது தெரிந்துவிடும். நாகப்பட்டினத்தின் வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைப் புரட்டத் தெரிந்த ஒரு வரலாற்று மாணவரால் தொடங்கக்கூடிய வேலை இது. விகாரத்துக்கு நெல் அளந்த ஆனைமங்கலம் அதே பெயரோடு இன்றும் கீழ்வேளூர் வட்டத்தில் இருக்கிறது.